தொகையை விரி, கனத்தை வை: ஆங்கிலக் கூட்டுச்சொற்களை உச்சரிக்கப் பினாங்கிலிருந்து ஒரு வழிகாட்டி

பினாங்கில் ஹோட்டல் வரவேற்பு மேசையிலோ, மருத்துவமனைப் பதிவுக் கவுண்டரிலோ, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை அலுவலகத்திலோ புதிதாக வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகளில் பலருக்கு ஆங்கில இலக்கணம் நன்றாகவே தெரியும். மின்னஞ்சலைப் பிழையில்லாமல் எழுதுவார்கள். ஆனால் வெளிநாட்டுக்காரர் ஒருவர் எதிரே வந்து நின்றதும், சொன்ன சொல்லையே இரண்டு மூன்று தடவை திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுத்துப்படி பார்த்தால் சொன்னது சரிதான். ஆனால் கனம், அதாவது சொல்லில் ஓர் அசை மட்டும் எடுப்பாக ஒலிக்கும் அழுத்தம், வேறு இடத்தில் விழுந்திருக்கும். அல்லது இரண்டு அசையில் முடிய வேண்டிய சொல் நான்கு அசையாக நீண்டிருக்கும்.

இது அதிகமாக நடப்பது கூட்டுச்சொற்களில். பஸ் ஸ்டாப், ஏர்போர்ட், கிரெடிட் கார்டு, பிளட் டெஸ்ட், செக்-இன் என்று நாள் முழுக்க வாயில் வருபவை இவைதான். அதனால் என் மாலை வகுப்பில் உச்சரிப்புப் பாடத்தை எப்போதும் கூட்டுச்சொற்களிலிருந்தே தொடங்குகிறேன். வெள்ளைக்காரர் மாதிரிப் பேசப் பழகுவது இதன் நோக்கம் இல்லை. நமக்குள் பேசும் மலேசிய ஆங்கிலத்தில் எந்தக் குறையும் இல்லை. வெளியூர்க் காதுக்கு முதல் தடவையிலேயே புரிய வேண்டும், அவ்வளவுதான்.

படிக்கத் தொடங்கும் முன் இரண்டு குறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். அசைகளை இடைக்கோடு போட்டுப் பிரித்திருக்கிறேன். கனம் விழும் அசைக்கு முன்னால் ˈ என்ற சிறு நிமிர்கோடு இருக்கும். அகராதிகளிலும் உச்சரிப்புப் பகுதியில் இதே கோட்டைப் பார்ப்பீர்கள். அந்தக் கோடு தனக்குப் பின்னால் வரும் அசையைத்தான் குறிக்கிறது. முன்னால் இருப்பதை அல்ல. பலர் இதை மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள்.

முதல் படி: ஒட்டைக் கண்டுபிடியுங்கள்

தனியாக நிற்கக்கூடிய இரண்டு சொற்கள் சேர்ந்து ஒரே பொருளைக் குறித்தால் அது கூட்டுச்சொல். ஆங்கிலத்தில் இதை மூன்று விதமாக எழுதுகிறார்கள். ஏர்போர்ட், நோட்புக் போன்றவற்றைச் சேர்த்து எழுதுவார்கள். செக்-இன் போன்றவற்றில் நடுவில் கோடு வரும். பஸ் ஸ்டாப், கிரெடிட் கார்டு இரண்டிலும் இடம் விட்டு எழுதுவார்கள். எழுதும் விதத்தைப் பார்த்து உச்சரிப்பை முடிவு செய்யாதீர்கள். ஏர்போர்ட் சேர்ந்திருந்தாலும் பஸ் ஸ்டாப் பிரிந்திருந்தாலும் கனம் விழும் இடம் ஒன்றேதான்.

எழுதும் விதம் எதுவாக இருந்தாலும், இரண்டு சொற்களும் ஒட்டும் இடம் எது என்று முதலில் பாருங்கள். ஜார்ஜ்டவுனில் இருப்பவர்களுக்கு இதைப் பழக, கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் கட்டடத்தைக் குறிக்கும் ஷாப்ஹவுஸ் என்ற சொல்லே போதும். 2008இல் யுனெஸ்கோ இந்த ஊரை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டதிலிருந்து சுற்றுலாப் பயணிகளிடம் இந்தச் சொல்லைச் சொல்லாத நாளே இல்லை. எழுத்துக்கூட்டிப் பார்த்தால் நடுவில் பி-யும் எச்-சும் அடுத்தடுத்து நிற்கும். ஃபோன், ஃபோட்டோ என்று படித்துப் பழகிய கண், அந்த இரண்டையும் சேர்த்து 'ஃப' என்று வாசிக்கப் பார்க்கும். ஒட்டு பி-க்கும் எச்-சுக்கும் நடுவில் இருக்கிறது: ˈஷாப்-ஹவுஸ். ப் ஒரு பக்கம், ஹ மறுபக்கம்.

லூப்ஹோல் என்பதும் அப்படியே. சாலையில் நாம் தினமும் பார்க்கும் பாட்ஹோலில் டி-யும் எச்-சும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அதை 'த' ஆக்கிவிடக் கூடாது: ˈபாட்-ஹோல். லைட்ஹவுஸ், பென்ட்ஹவுஸ், கெஸ்ட்ஹவுஸ் எல்லாவற்றுக்கும் இதே கவனம் வேண்டும்.

வரியின் ஓரத்தில் சொல்லை உடைத்து எழுத நேர்ந்தாலும் ஒட்டில்தான் உடைக்க வேண்டும். இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. சில அகராதிகளில் தலைச்சொல்லின் நடுவே புள்ளிகள் போட்டிருப்பார்கள். அவை வரி ஓரத்தில் எங்கே உடைக்கலாம் என்று காட்டும் புள்ளிகள். உச்சரிப்பில் அசை பிரியும் இடம் சில சொற்களில் வேறாக இருக்கும். உச்சரிப்புக்குச் சாய்கோடுகளுக்கு நடுவே இருப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: அசையை எண்ணுங்கள், வால் உகரத்தை வெட்டுங்கள்

ஆங்கில அசையை எண்ணுவது எளிது. காதில் எத்தனை உயிரோசை கேட்கிறதோ அத்தனை அசை. எழுத்தில் எத்தனை உயிரெழுத்து இருக்கிறது என்பது முக்கியம் இல்லை. யாப்பிலக்கணம் படித்தவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நமக்கு 'மலை' ஒரே நிரையசை. ஆங்கிலக் கணக்கில் அது இரண்டு அசை. நேர், நிரை கணக்கை இங்கே கொண்டுவந்தால் எண்ணிக்கை தப்பிவிடும்.

சரி, நமக்குச் சிக்கல் எங்கே வருகிறது? தமிழ்ச்சொல் க், ட், ப் போன்ற வல்லின மெய்யில் முடிவதில்லை. அதனால் நம் நாக்கு தானாகவே ஓர் உகரத்தைச் சேர்த்துவிடும். புக் என்பது புக்கு ஆகும், ஷாப் என்பது ஷாப்பு ஆகும். தனிச்சொல்லாக இருந்தால் இதனால் பெரிய சேதம் இல்லை. கூட்டுச்சொல்லில் ஒட்டிலும் ஓர் உகரம், கடைசியிலும் ஓர் உகரம் என்று இரண்டு வந்து சேர்கின்றன. புக்ஷாப் என்ற ஈரசைச் சொல் புக்குஷாப்பு என்று நான்கு அசையாகிவிடும். கோலாலம்பூரில் நம்மவர்கள் அதிகம் புழங்கும் பிரிக்ஃபீல்ட்ஸும் இதே கதைதான். அது ˈபிரிக்-ஃபீல்ட்ஸ், இரண்டே அசை. பிரிக்குஃபீல்டுசு என்று சொன்னால் ஐந்து அசை ஆகிறது. கேட்பவர் இரண்டசைச் சொல் ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார். ஐந்து அசையில் வந்தால் அவருக்கு அது வேறு சொல்.

வால் உகரம் வருகிறதா என்று சோதிக்கத் தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொள்ளுங்கள். 'புக்' என்று சொல்லுங்கள். க் முடிந்த கணத்தில் அதிர்வு நிற்க வேண்டும். அதற்குப் பிறகும் விரலில் அதிர்வு தெரிந்தால் உகரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். க், ட், ப், ஸ் ஆகிய ஓசைகளில் முடியும் சொற்களுக்கு இந்தச் சோதனை நன்றாக வேலை செய்யும். ஸ்டேஷனை இஸ்டேஷன் என்று சொல்லும் பழக்கமும் இதே வகைதான். முன்னால் ஓர் இகரம் சேர்ந்து ஓர் அசை கூடிவிடுகிறது.

"டீச்சர், உகரம் இல்லாமல் அத்தனை மெய்யையும் ஒரே மூச்சில் எப்படிச் சொல்வது?" என்று கேட்பார்கள். எல்லாவற்றையும் சொல்லத் தேவையில்லை என்பதுதான் நல்ல செய்தி. மூன்று மெய் அடுத்தடுத்து வந்தால் நடுவில் இருப்பதை ஆங்கிலேயர்களே பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். போஸ்ட்மேன் அவர்கள் வாயில் ˈபோஸ்-மன். டெக்ஸ்ட்புக் ˈடெக்ஸ்-புக். கிராண்ட்மதர் ˈகிரான்-ம-தர். ஹேண்ட்பேக் வேகமாகப் பேசும்போது ˈஹேம்-பேக் என்றே ஒலிக்கும். ஆகவே சிக்கலான இடத்தில் ஓர் உயிரைச் சேர்க்காதீர்கள், ஒரு மெய்யை விடுங்கள். முன்னது அசையைக் கூட்டிச் சொல்லைக் கெடுக்கும். பின்னதை யாரும் கவனிக்கவே மாட்டார்கள்.

ஒரே மெய் இரண்டு பக்கமும் நின்றால் நமக்குக் கூடுதல் வசதி. புக்கேஸில் ஒட்டின் இரு பக்கமும் க் ஓசை. ஆங்கிலத்தில் அதை இரண்டு தடவை வெடித்துச் சொல்வதில்லை. ஒரு தடவை பிடித்து நிறுத்தி விடுகிறார்கள். 'பக்கம்' என்பதில் நாம் க்க சொல்வது அப்படித்தானே? சீனமும் மலாயும் பேசி வளர்ந்தவர்கள் இதற்குக் கொஞ்சம் சிரமப்படுவார்கள். நமக்குப் பிறவியிலேயே வருகிறது. பஸ் ஸ்டாப்பிலும் ஸ் ஓசையை ஒரே நீளமாகப் பிடித்தால் போதும்.

மூன்றாம் படி: தொகையை விரித்துப் பாருங்கள்

இனி கனம். அசைக்குக் கனம் கொடுப்பது என்றால் உரக்கக் கத்துவது இல்லை. அந்த அசையில் குரல் மேலே ஏற வேண்டும், அசை கொஞ்சம் நீள வேண்டும், அதன் உயிரோசை தெளிவாக இருக்க வேண்டும். மூன்றிலும் முக்கியமானது குரல் ஏற்றம். தமிழிலும் மலாயிலும் எந்த அசையில் குரலை ஏற்றினாலும் சொல்லின் பொருள் மாறாது. அதனால் இந்த வேறுபாட்டைக் கேட்டுப் பிடிக்க நம் காது பழகியிருப்பதில்லை. ஆங்கிலத்தில் பொருளே மாறும்.

நமக்கு இது முற்றிலும் புதிதும் அல்ல. செம்பொன்பதின்தொடி என்ற எடுத்துக்காட்டு நம் இலக்கண உரைகளில் வரும். செம்பொன் என்று நிறுத்தினால் செம்பொன்னால் ஆன பத்துத் தொடிகள். செம்பு என்று நிறுத்தினால் செம்பினால் ஆன ஒன்பது தொடிகள். எழுத்து ஒன்றேதான், குரல் பொருளைப் பிரிக்கிறது. நாம் நிறுத்தத்தால் செய்வதை ஆங்கிலம் ஏற்றத்தால் செய்கிறது.

பாடநூல்கள் 'கூட்டுப் பெயரில் முதல் பகுதிக்குக் கனம்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, பிறகு விதிவிலக்குகளை அடுக்கும். அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய முடியாமல் பிள்ளைகள் அலுத்துப்போவார்கள். தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களிடம் அதைவிட நல்ல கருவி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. தொகைநிலைத் தொடரில் மறைந்து நிற்பதை வெளியே எடுத்து விரிப்பது எப்படி என்று படித்திருக்கிறோம் அல்லவா? அதையே ஆங்கிலக் கூட்டுச்சொல்லுக்கும் செய்யுங்கள். விரிக்கும்போது நடுவில் 'ஆகிய', 'ஆன' என்று வந்தால் கனம் இரண்டாம் சொல்லுக்குப் போகும். 'க்கான', 'ஐச் செய்கிற' போன்றவை வந்தால் கனம் பெரும்பாலும் முதல் சொல்லில் நிற்கும்.

தங்க மோதிரம், தங்கத்தால் ஆன மோதிரம். ஆகவே கோல்ட் ˈரிங். பருத்தியால் ஆன சட்டை, காட்டன் ˈஷர்ட். பிளாஸ்டிக்கால் ஆன பை, பிளாஸ்டிக் ˈபேக். பொருள் வாங்குவதற்கான பை என்றால் ˈஷாப்-பிங் பேக். பை ஒன்றுதான், விரிவு மாறியதும் கனமும் இடம் மாறிவிட்டது.

தூங்குகிற குழந்தையை ஸ்லீப்பிங் ˈபேபி என்பார்கள். தூங்குவதற்கான மாத்திரை ˈஸ்லீப்-பிங் பில். முதலாவது நம் வினைத்தொகை போன்றது, அங்கே குழந்தையே தூங்குகிறது, மாத்திரை தூங்குவதில்லை. ˈவெயிட்-டிங் ரூம், ˈஸ்விம்-மிங் பூல், ˈவாஷ்-ஷிங் மெஷின் எல்லாம் 'அதற்கான' வகை, ஆகவே முதல் சொல்லில் கனம்.

வகுப்பில் நான் தவறாமல் சொல்லும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ˈதமிழ் டீச்சர் என்றால் தமிழைக் கற்பிக்கிற ஆசிரியர். அவர் எந்த இனத்தவராகவும் இருக்கலாம். தமிழ் ˈடீச்சர் என்றால் தமிழராகிய ஆசிரியர். அவர் கணிதம் கற்பிக்கலாம், அறிவியல் கற்பிக்கலாம். நேர்முகத் தேர்வில் உங்கள் அம்மாவின் வேலையைக் கேட்டால் எதைச் சொல்கிறீர்கள் என்பது குரலில்தான் இருக்கிறது.

மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தச் சோதனை பெரிய நிம்மதி தரும். பிளட் டெஸ்ட், பிளட் பிரெஷர், ஹார்ட் அட்டாக், ஹெட்எய்க், பெயின்கில்லர் எதிலுமே 'ஆகிய' வராது. எல்லாம் முதல் சொல்லில் கனம். அங்கே புழங்கும் கூட்டுப் பெயர்களில் பெரும்பகுதி இப்படித்தான்.

இன்னொரு வகை இருக்கிறது. கிரீன்ஹவுஸ் பச்சை நிற வீடு இல்லை. செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடாரம். ஹாட் டாக் நாயே இல்லை. பிளாக்போர்டு பல பள்ளிகளில் பச்சை நிறத்தில் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் விரித்தால் பொருள் கிடைக்காமல், முழுச்சொல்லும் வேறொன்றுக்குப் பெயராக நிற்கும் இந்த வகை நம் அன்மொழித்தொகைக்குப் பக்கத்தில் வருகிறது. இவற்றுக்கு முதல் சொல்லில் கனம்: ˈகிரீன்-ஹவுஸ், ˈஹாட் டாக், ˈபிளாக்-போர்ட். உண்மையிலேயே பச்சையான வீட்டைச் சொல்ல வேண்டுமானால் கிரீன் ˈஹவுஸ்.

சாப்பாட்டிலும் சோதனை நிற்கும். கோழியால் ஆன கறி, சிக்கன் ˈகறி. ஃபிஷ் ˈகறி, டொமேட்டோ ˈசூப், ஆப்பிள் ˈபை. இதில் அடங்காதவற்றில் முக்கியமானவை இரண்டு சொல்: கேக், ஜூஸ். ˈசாக்-லட் கேக், ˈஆ-ரஞ்ச் ஜூஸ் என்று முதல் சொல்லிலேயே கனம் நிற்கும். ஏன் என்று தேடி நேரத்தைச் செலவழிக்காமல் இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: மற்றதை இறக்குங்கள்

கனத்தை எங்கே வைப்பது என்று தெரிந்த பிறகும் பலருக்குச் சொல் சரியாக வராது. காரணம், மற்ற அசைகளையும் அதே உயரத்தில் சொல்வதுதான். தமிழில் எல்லா அசைக்கும் அதனதன் அளவைக் கொடுத்துப் பேசுவது நல்ல உச்சரிப்பு. ஆங்கிலத்தில் கனமில்லாத அசை இறங்கித்தான் ஆக வேண்டும். கற்றுக்கொள்ளக் கடினமான பகுதி இதுதான் என்பது என் எண்ணம். ஏற்றுவதை யாரும் ஒரு நாளில் பிடித்துக்கொள்வார்கள். இறக்குவதற்குத்தான் பழக்கம் வேண்டும்.

பழைய கூட்டுச்சொற்களில் இரண்டாம் பகுதி இறங்கி இறங்கி உயிரோசையே தேய்ந்துவிட்டது. அந்தத் தேய்ந்த ஓசையை அகராதி, ஆங்கிலச் சின்ன 'ஈ' எழுத்தைத் தலைகீழாகப் போட்டுக் காட்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்த ஓசையைப் புரியவைக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வரி போதும். மலாயில் பெசார், செகோலா, கெரெத்தா என்று சொல்லும்போது முதல் அசையில் வருகிறதே எ பெப்பெட், அதேதான்.

கப்போர்டு என்ற சொல்லை வகுப்பில் பலகையில் எழுதினால் எல்லோரும் கப்-போர்-டு என்று மூன்றாகச் சொல்வார்கள். நான் ˈக-பட் என்று சொல்லிக் காட்டுவேன். கடைசி அசையில் 'பெசார்' சொல்லும்போது வரும் முதல் உயிரோசை. போன மாதம் ஒரு தங்கை விடவே இல்லை. "டீச்சர், அப்ப அந்த போர்ட் எங்க போச்சு?" என்று கேட்டாள். பி எழுத்தும் போய், நீண்ட ஓகாரமும் போய், ஒரு சிறு ஓசைதான் மிச்சம் என்று சொன்னேன். அவள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தாள். முதலில் ˈகப்-போட், பிறகு ˈகப்-பட், கடைசியில் ˈக-பட். ஒவ்வொரு தடவையும் அவள் குறைத்துக்கொண்டே வந்ததைத்தான் எல்லோரும் செய்ய வேண்டும். முன்பகுதியை அவள் ஒரு தடவைகூட அழுத்தவில்லை. பின்பகுதி இறங்க இறங்க முன்பகுதி தானாக எடுப்பாகிவிட்டது.

பிரேக்ஃபாஸ்ட் ˈபிரெக்-ஃபஸ்ட் ஆவதும், லிட்டில் இந்தியா நகைக்கடையில் விற்கும் நெக்லேஸ் ˈநெக்-லஸ் ஆவதும் இப்படித்தான். போலீஸ்மேனில் மேன் இல்லை, மன். பட்டர்வொர்த்துக்குப் போகும் ஃபெர்ரியை வெளிநாட்டவருக்குக் காட்டும்போது ˈபட்-ட-வத் என்று சொல்லிப் பாருங்கள். கடைசி இரண்டு அசையிலும் எ பெப்பெட்.

புதிய கூட்டுச்சொற்களில் இவ்வளவு தூரம் போகக் கூடாது. நோட்புக், ஏர்போர்ட், ஹேண்ட்ஃபோன் ஆகியவற்றில் இரண்டாம் பகுதியின் உயிரோசை அப்படியே இருக்கும். குரல் மட்டும் கீழே இறங்கும். ஏர்போர்ட்டை ஏர்பட் என்று சொன்னால் ஒருவருக்கும் புரியாது. எந்தச் சொல் தேய்ந்தது, எது தேயவில்லை என்பதை அகராதியில் அந்தத் தலைகீழ் எழுத்து இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

பினாங் ஸ்ட்ரீட்டும் பினாங் ரோடும்

தெருப்பெயர்களுக்கு ஆங்கிலத்தில் தனிப் பழக்கம் ஒன்று இருக்கிறது. ஜார்ஜ்டவுனில் வேலை செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர்ப்பலகையில் மலாயில் லெபோ, ஜாலான், லோரோங் என்று இருந்தாலும் பழைய ஆங்கிலப் பெயர்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. பயணிகளும் அவற்றைச் சொல்லித்தான் வழி கேட்கிறார்கள்.

ஸ்ட்ரீட் என்று முடிந்தால் கனம் முன்னால் இருக்கும் பெயருக்கு: ˈசூ-லி-யா ஸ்ட்ரீட், ˈமார்-கட் ஸ்ட்ரீட், ˈபீச் ஸ்ட்ரீட், மகா மாரியம்மன் கோயில் இருக்கும் ˈகுவீன் ஸ்ட்ரீட். வேறு எதில் முடிந்தாலும் கனம் கடைசிச் சொல்லுக்குப் போய்விடும்: பர்மா ˈரோட், மெக்கலிஸ்டர் ˈரோட், கர்னி ˈடிரைவ், லவ் ˈலேன். படகுத்துறைப் பக்கம் இருக்கும் வெல்ட் ˈகீ-யும் அப்படித்தான். அதை எழுத்தைப் பார்த்து 'குவே' என்று படிக்காதீர்கள். பினாங் ˈஹில், பினாங் ˈபிரிட்ஜ் இரண்டும் இதே வரிசை. ஸ்ட்ரீட் ஒன்றுதான் தனி.

இது ஏதோ நுணுக்கம் என்று தோன்றலாம். லிட்டில் இந்தியாவில் பினாங் ஸ்ட்ரீட் இருக்கிறது. சௌராஸ்தா சந்தை இருப்பது பினாங் ரோட்டில். இரண்டும் வேறு வேறு திசை. லவ் லேன் பக்கம் ஒரு விருந்தினர் இல்லத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர், ஜாதிக்காய் ஊறுகாய் வாங்க வேண்டும் என்று கேட்ட தம்பதிக்குப் பினாங் ரோட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறார். இரண்டு சொல்லையும் ஒரே கனத்தில் சொன்னதில் அவர்கள் காதில் 'பினாங்' மட்டும் நின்றது. வெயிலில் நடந்து லிட்டில் இந்தியாவுக்குப் போய்த் தேடிவிட்டுத் திரும்பி வந்தார்கள். இப்போது அவர் பினாங் என்பதை இறக்கி, ˈரோட் என்பதை ஏற்றி நீட்டிச் சொல்கிறார். ஸ்ட்ரீட்டைச் சொல்லும்போது பி-ˈனாங் என்று ஏற்றி, ஸ்ட்ரீட்டைத் தாழ்த்தி விடுகிறார்.

செக்-இன், டவுன்ஸ்டேர்ஸ், செகண்ட்-ஹேண்ட்

பெயர்ச்சொல் அல்லாத கூட்டுச்சொற்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

வினையும் சிறுசொல்லும் சேர்ந்தவற்றில், பெயராக வந்தால் முதலில் கனம். வினையாக வந்தால் பின்னால் கனம். மூன்று மணிக்கு ˈசெக்-இன் என்பது பெயர். நீங்கள் இப்போதே செக் ˈஇன் செய்யலாம் என்பது வினை. ˈபேக்-அப், ˈலாக்-இன், ˈபிரேக்-டவுன், ˈடேக்-அ-வே எல்லாம் பெயர்கள். கார் நடுவழியில் நின்றுவிட்டது என்று சொல்லும்போது பிரேக் ˈடவுன்.

இடம் காட்டும் சொற்களில் கனம் பின்னால்: டவுன்-ˈஸ்டேர்ஸ், இன்-ˈசைட், அவுட்-ˈசைட். அண்டர்ஸ்டாண்ட், ஓவர்லுக் போன்ற வினைகளிலும் பின்னால்தான்: அண்-டர்-ˈஸ்டாண்ட், ஓ-வர்-ˈலுக்.

கூட்டுப் பெயரடைகளில் பல பின்னால் கனம் வாங்கும்: ஓல்ட்-ˈஃபேஷன்ட், குட்-ˈலுக்கிங், செகண்ட்-ˈஹேண்ட், ஹோம்-ˈமேட். இவற்றுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்துவிட்டால் கனம் முன்னுக்குத் தாவும். கார் செகண்ட்-ˈஹேண்ட் என்று முடித்தால் ஹேண்டில் ஏற்றம். ˈசெகண்ட்-ஹேண்ட் ˈகார் என்றால் செகண்டில் ஏற்றம், அப்புறம் காரில் ஏற்றம்.

எண்களிலும் இதே தாவல் நடக்கிறது. தனியாகச் சொன்னால் ஃபிஃப்-ˈடீன், ˈஃபிஃப்-டி என்று கனத்தாலேயே 15ஐயும் 50ஐயும் பிரித்துவிடலாம். பின்னால் ரிங்கிட் என்று சேர்ந்ததும் ஃபிஃப்டீனின் கனம் முன்னுக்கு வந்துவிடும். இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். அப்போது கடைசி ன் ஓசையை விடாமல் பிடியுங்கள். 15 வெள்ளிக்கும் 50 வெள்ளிக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு ன்தான்.

மூன்று சொற்கள் சேர்ந்தால்

ஏர்போர்ட் பஸ், கிரெடிட் கார்டு நம்பர், பஸ் ஸ்டேஷன் கவுண்டர் என்று நீளும்போது பயப்பட வேண்டாம். உள்ளே எந்த இரண்டு முதலில் சேர்ந்தன என்று பாருங்கள். ஏர்போர்ட் ஒன்றாகி, அதற்கான பஸ் என்று விரிகிறது. 'ஆகிய' வரவில்லை, ஆகவே மொத்தத்துக்கும் ஒரே ஏற்றம்: ˈஏர்-போர்ட் பஸ். மற்றதெல்லாம் இறக்கத்தில் ஓடிவிடும். பனானா லீஃப் ரைஸ் மட்டும் இந்தச் சோதனைக்கு விலக்கு. அதில் வாழையிலை ஒரு கூட்டு, ப-ˈனா-னா லீஃப். அதன் பின்னால் சோறு சேர்ந்ததும் பெரிய ஏற்றம் ˈரைஸ் என்பதற்குப் போய்விடும்.

எப்படிப் பழகுவது

சொற்பட்டியலை இணையத்தில் தேடாதீர்கள். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் ஒரு நாளில் வாயில் வந்த கூட்டுச்சொற்களைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். ஹோட்டல்காரர் பட்டியல் வேறு, தாதியர் பட்டியல் வேறு. ஒவ்வொன்றுக்கும் ஒட்டைப் பிரித்து, அசையை எண்ணி, தமிழில் விரித்துப் பார்த்து, கனம் எங்கே என்று நீங்களே முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு அகராதியைத் திறந்து சரிபாருங்கள். அகராதியை முதலில் திறந்தால் அந்தச் சொல் மட்டும்தான் தெரியும். நீங்களே முடிவு செய்துவிட்டுத் திறந்தால் அடுத்த சொல்லும் பிடிபடும்.

வாய்ப்பயிற்சியைச் சொல்லில்லாமல் தொடங்குங்கள். உதட்டை மூடிக்கொண்டு 'ம்-ம்' என்று முதலாவதை ஏற்றி இரண்டாவதை இறக்கி முனகுங்கள். மெட்டு படிந்ததும் அதிலேயே ˈபஸ் ஸ்டாப், ˈநோட்-புக், ˈஷாப்-ஹவுஸ் என்று சொல்லுங்கள். பிறகு இறக்கி ஏற்றி முனகி, அதே மெட்டில் கோல்ட் ˈரிங், பர்மா ˈரோட், சிக்கன் ˈகறி. இரண்டு மெட்டும் தனித்தனியாகப் படிந்த பிறகுதான் கலந்து சொல்ல வேண்டும். மலேசியப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மின் பேச்சுத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கும் இந்த வரிசையே பொருந்தும்.

கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். உடனே கேட்காமல் மறுநாள் கேளுங்கள்; சொன்ன சூட்டில் கேட்டால் நினைத்ததுதான் காதில் விழும், சொன்னது விழாது. கேட்கும்போது ஏற்றத்தைத் தேட வேண்டாம். வால் உகரம் எங்கேயாவது ஒட்டியிருக்கிறதா, இறங்க வேண்டிய அசை இறங்கியிருக்கிறதா என்று இரண்டை மட்டும் பாருங்கள். உகரம் கேட்டால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். இறக்கம் போதவில்லை என்றால் கப்போர்டை எடுத்துக்கொண்டு, அந்தத் தங்கை செய்தது போல ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துச் சொல்லிப் பாருங்கள்.